நெல்லி பறிக்கக் காட்டுக்குப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

சத்தியமங்கலம், அதை ஒட்டிக் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரி ரங்கன் மலைப் பக்கம் கார்த்திகை பிறந்தால் நெல்லிப் பேச்சுதான். சோளகர், ஊராளி, இருளர் பழங்குடி ஊர்களில் சாக்கைத் தைக்க ஆரம்பிப்பார்கள், தொரட்டிக்கு மூங்கில் தேடுவார்கள். இந்தப் பருவத்தில் அவர்களோடு சேர்ந்து போகப் புதிதாகச் சிலர் வந்து நிற்பார்கள். ஆய்வு மாணவர்கள், கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், காட்டு நெல்லி வாங்கி விற்கலாம் என்று யோசனை உள்ளவர்கள், அப்புறம் அதே ஊரில் பிறந்தும் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் படித்ததால் ஒரு மரம்கூட ஏறிப் பழகாத பிள்ளைகள். உங்கள் எல்லாருக்கும்தான் இது. நானும் அப்படிப் போய் நின்றவன்தான். நான் சொதப்பியதும் நடுவில் வரும்.

முதலில் சட்டம். சலிப்பாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம், பிலிகிரி ரங்கன் மலை 2011 முதல். அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தாலே 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஒரு கடுக்காயைப் பொறுக்கிப் பையில் போட்டால் அது தனிக் குற்றம். 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் நெல்லி, தேன், கிழங்கு, வேர் போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை அங்கே வாழும் பழங்குடிகளுக்கும் தலைமுறைகளாகக் காட்டை நம்பியிருக்கும் மக்களுக்கும்தான். உங்களுக்கோ எனக்கோ கிடையாது. நாம் கூடப் போகிறவர்கள், அவ்வளவுதான். ஆகவே ஊர்ப் பெரியவர்களிடமும் கிராம சபையிலும் சொல்லுங்கள், வனச்சரகர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அந்தத் தாளின் நகல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணா கூட்டிக்கிட்டுப் போறேன்னாரு" என்று சொல்லிப் பிடிபட்டால் மாட்டப்போவது அந்த அண்ணன்தான்.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். பிலிகிரி ரங்கன் மலையில் 1974இல் சரணாலயம் வந்ததும் சோளகர்களின் வேட்டையும் காட்டெரிப்பு வேளாண்மையும் நின்றன. 2006இல் விற்பனைக்காக வன மகசூல் சேகரிப்பதற்கும் தடை வந்தது. நெல்லியும் கல்பாசியும் தேனும்தான் கையில் காசு என்றிருந்த வீடுகள் காபித் தோட்டக் கூலிக்குப் போயின. 2011 அக்டோபரில் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டா கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. இதைத் தெரிந்துகொண்டு போனால், ஊர்க்கூட்டத்தில் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கும்போது கோபம் வராது.

சரி, கிளம்பலாம்.

எப்போது போவது

வசந்தத்தில் பூக்கும் நெல்லியில் பிஞ்சு உடனே பெருக்காது, கோடை முழுக்கக் கடுகு மாதிரி உறங்கிக் கிடந்து மழை பார்த்த பிறகுதான் வளரும். பழம் திரள்வது ஏறக்குறைய கார்த்திகை முதல் மாசி வரை. பச்சையாக இருந்த காய் வெளிறி, லேசான மஞ்சள் ஓடி, தோல் கண்ணாடி மாதிரி ஆகும். அதிலும் சந்தேகமென்றால் ஒரு காயைக் கடித்துத் தின்றுவிட்டு (வேறு வழியில்லை, தின்னத்தான் வேண்டும்) கொட்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே விதை வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை, பழுப்பேறி இருந்தால் பறிக்கலாம்.

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலான தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. முற்றாத காயில் முளைக்கிற விதை இல்லை, எடையும் இல்லை, விலையும் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் பறிக்கிறார்கள்? நான் பறிக்காவிட்டால் நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரன் பறித்துவிடுவான் என்ற பயம்தான். யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று கிடக்கும் காட்டிலும், குத்தகைக்காரர் ஒரு வருடத்துக்கு மட்டும் ஏலம் எடுத்த காட்டிலும் காய் பிஞ்சிலேயே இறங்கிவிடும். இன்ன தேதிக்கு முன் யாரும் தொடக்கூடாது என்று ஊர் கூடி நாள் குறித்த இடத்தில் பழம் மரத்திலேயே முற்றும். அதனால் போய் இறங்கியதும் முதல் கேள்வியாக "எந்தத் தேதி வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். தேதி இல்லை என்றால், உங்கள் முதல் வேலை மரத்தடியில் இல்லை, ஊர்க்கூட்டத்தில்.

என்ன எடுத்துப் போவது

நீளமான தொரட்டி, கழுத்தில் மாட்டும் துணித்தூளி, இரண்டு சாக்கு, தண்ணீர், மதியச் சோறு, கயிறு. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, நிறம் காட்டோடு ஒட்டியதாக. வாசனை எண்ணெய், சென்ட் வேண்டாம். காதில் எதையும் மாட்டாதீர்கள், யானை இருப்பதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். வெயில் ஏறி, பனி விலகிய பிறகு நுழையுங்கள், மூன்று மணிக்கெல்லாம் திரும்ப நடையைக் கட்டுங்கள். முன்னால் போகிறவர் நின்றால் நில்லுங்கள், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஆவி பறக்கும் யானை லத்தியும் அப்போதுதான் ஒடித்த கிளையும் பார்த்தால் அந்தத் திக்கில் அன்றைக்கு நெல்லி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு காய்த்திருந்தாலும்.

உண்ணி இன்னொரு தொல்லை. இந்தப் பக்கத்துக் காடுகளில் குளிர் முடிந்து வெயில் வரும் மாதங்களில் உண்ணி மூலம் குரங்குக் காய்ச்சல் வருவதுண்டு. செத்த குரங்கைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டு, உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போய்வந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

எப்படிப் பறிப்பது

இந்தக் காடுகளில் இரண்டு வகை நெல்லி உண்டு. எல்லாருக்கும் தெரிந்த நெல்லி, பில்லாந்தஸ் எம்பிளிகா, ஒன்று. இன்னொன்று பில்லாந்தஸ் இண்டோபிஷரி, வறண்ட கீழ்க்காடுகளில் நிற்கும், காய் பெருசு. சந்தையில் இரண்டும் ஒரே சாக்கில்தான் போகும். பறிக்கும் முறையும் ஒன்றுதான்.

மரத்தை உற்றுப் பாருங்கள். புளிய இலை மாதிரித் தெரிகிறதே, அது கூட்டிலை இல்லை, வரிசையாக இலை வைத்த மெல்லிய குச்சி. அந்தக் குச்சியின் அடியில்தான் காய் ஒட்டியிருக்கும். இந்தக் குச்சிகளை மரமே வருடா வருடம் உதிர்த்துவிட்டு, கிளையில் உள்ள முடிச்சுகளிலிருந்து புதிதாக விடும். ஆக, குச்சியோடு சேர்த்து உருவி எடுத்தாலும் மரத்துக்குப் பெரிய நட்டமில்லை, எப்படியும் மாசியில் கொட்டப்போவதுதான். ஆனால் அந்த முடிச்சுகள் இருக்கும் கிளையை வெட்டினால் கதை வேறு. முடிச்சு போனால் அடுத்த வருடக் குச்சி இல்லை, குச்சி இல்லையென்றால் பூவும் இல்லை. புதுக்கிளை வந்து அது முதிர்ந்து காய்க்க வருடக்கணக்காகும்.

எனவே கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஏறுங்கள். ஏறத் தெரியாதவர் தொரட்டியால் கிளையை வளைத்து இழுங்கள், ஒடிக்காதீர்கள். கட்டைவிரல் தடிமனுக்கு மேல் எதுவும் ஒடியக்கூடாது என்பது எங்கள் குழுவில் இருந்த கணக்கு. உச்சியில் எட்டாமல் நிற்பதை விடுங்கள். மந்தி அதைத் தின்று பாதியைக் கீழே போடும், மான் வந்து எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் நான் சொதப்பினேன். முதல் நாள் மரம் ஏறத் தெரியவில்லை. சரி, மரத்துக்கு எந்தக் கஷ்டமும் கொடுக்காத வேலையாகச் செய்வோம் என்று கீழே விழுந்து கிடந்ததையெல்லாம் குனிந்து குனிந்து ஒன்று விடாமல் பொறுக்கினேன். அரைச் சாக்கு. எனக்கே பெருமையாக இருந்தது. எங்களைக் கூட்டிப்போன பெரியவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அது நமக்கில்ல கண்ணு, மானுக்கு" என்று சொல்லிவிட்டு அதில் பாதிக்கு மேல் திரும்ப இறைத்துவிட்டார்.

எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நெல்லி விதை பரவுவதே அந்த வழியில்தான். புள்ளிமான், கடமான், கேளையாடு, சருகுமான் எல்லாம் உதிர்ந்த பழத்தைக் கொட்டையோடு விழுங்கி, வேறெங்கோ படுத்து அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பும். அந்தக் கொட்டை வெயிலில் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஆறு விதை. தாய்மரத்தின் நிழலைவிட்டுத் தள்ளிப் போய் முளைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு நெல்லிக்குக் கிடையாது. மரத்தில் இருப்பதைப் பறித்தால் பாவம், கீழே கிடப்பது யாருக்கும் வேண்டாதது என்று ஊரில் இருந்து வந்த நம் மண்டை கணக்குப் போடுகிறது. காட்டில் அது தலைகீழ். கீழே கிடப்பதை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு பறிக்கலாம் என்று எல்லாரும் ஒரு விழுக்காட்டைக் கேட்பார்கள். கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். கண் பழக்கம் உள்ளவர் ஒவ்வொரு மரத்திலும் கொஞ்சம் விட்டு நகருவார், காய்ப்பு குறைந்த வருடம் சில மரங்களைத் தொடவே மாட்டார். உங்களுக்கு அந்தக் கண் வரும்வரை கைக்கு எட்டுவதோடு நிறுத்துங்கள்.

உண்ணிச்செடி, புல்லுருவி, தீ

காட்டில் நெல்லி குறைந்துகொண்டு வருகிறது என்றால் பறிப்பவர்கள்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். பிலிகிரி ரங்கன் மலையில் ஆய்வாளர்களும் சோளகர்களும் சேர்ந்து பல வருடம் மரங்களை எண்ணிப் பார்த்ததில், பழம் பறிப்பதைவிடப் பெரிய அடி வேறு இரண்டிடமிருந்து வருவது தெரிந்தது.

ஒன்று உண்ணிச்செடி, அதாவது லாண்டானா. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைக்கு நீங்கள் நெல்லி மரத்துக்குப் போகும் வழியெல்லாம் ஆள் உயரத்துக்கு முள்ளும் பூவுமாக நிற்கிறது. அதன் நிழலில் நெல்லிக் கன்று எழும்பாது. புல் முளைக்காது, புல் இல்லையென்றால் மானும் வராது. பாதையை அடைத்துக்கொண்டிருப்பதால் பறிக்கப் போகிறவர்களுக்கு மூன்றடிக்கு முன்னால் நிற்கும் யானைகூடத் தெரியாது.

இரண்டாவது புல்லுருவி. பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்று, பசை ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அது அங்கேயே வேரை மரத்துக்குள் இறக்கி நீரை உறிஞ்சும். கிளை மெலியும், காய்ப்பு குறையும், நிறைய ஏறினால் மரமே போய்விடும். நெல்லி இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் மாசி, பங்குனியில் போனால் எது புல்லுருவி என்று தேடவே வேண்டாம், பச்சைக் கொத்தாகத் தனியே தெரியும். புல்லுருவியை மட்டும் பிய்த்தால் திரும்பத் தழைக்கும். ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கிளையோடு எடுக்க வேண்டும். கத்தி எடுக்க வேண்டிய ஒரே இடம் இதுதான், அதுவும் பழகிய ஆள் கையால், அனுமதியோடு. முழுவதையும் எடுத்துவிடவும் மாட்டார்கள். குருவிக்கும் கொஞ்சம் விடுவார்கள்.

தீயைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தக் காலத்தில் தை, மாசியில், புல்லும் சருகும் முழுதாகக் காயும் முன்னால், தரையோடு மெல்ல ஓடும் தீ வைப்பார்களாம். சோளகர் பேச்சில் அது தரகு பெங்கி, சருகுத் தீ. உண்ணிச்செடிக் கன்றும் புல்லுருவியும் அதில் அடங்கும், வளர்ந்த நெல்லி தாங்கும், கருகிய கன்றும் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும் என்பது அவர்கள் கணக்கு. சரணாலயம் வந்ததும் அது நின்றது, அதற்குப் பிறகுதான் உண்ணிச்செடி இப்படி மண்டியது என்கிறார்கள். இப்போது பங்குனி, சித்திரையில் தப்பித் தவறிப் பிடிக்கும் தீ, காய்ந்த உண்ணிச்செடிப் புதரை ஏணியாக்கி மரத்தின் தலைவரை ஏறுகிறது. ஆய்வுகளில் சில இந்தப் பேச்சுக்கு ஆதரவாக இருக்கின்றன, சில தீயே உண்ணிச்செடியைப் பெருக்கும் என்கின்றன, எனக்கு இதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் அதற்காக நீங்கள் தீப்பெட்டியை எடுக்காதீர்கள். இன்றைய சட்டத்தில் காட்டில் தீ வைப்பது குற்றம், இன்றைய காட்டில் அது பழைய தீயும் இல்லை. பீடித் துண்டைக்கூட அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பழம் வேறு, வேர் வேறு

நெல்லியில் பழகிய கையோடு கிழங்குப் பக்கம் போகாதீர்கள். பழம் பறித்தால் மரம் நிற்கும், வேரைத் தோண்டினால் செடியே கையோடு வந்துவிடும். மாகாளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மோரில் ஊறி ஊறுகாயாக வருகிறதே, அதுதான். நன்னாரி சர்பத் என்று குடிப்பதில் நிறையவும் உண்மையில் இந்த வேர்தான். நன்னாரி கம்பி மாதிரி மெலிந்தது, மாகாளி சதைப்பற்றோடு விரல் தடிமனுக்கு மேல் இருக்கும், பாறை இடுக்கில் கடப்பாரை போட்டு நெம்பித்தான் எடுப்பார்கள். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத கொடி அது. தாய்க்கொடியின் தலையையும் இரண்டு மூன்று வேரையும் விட்டுவிட்டு, பாறை இடுக்கில் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினால் பிழைக்கும். நெற்று வெடித்து விதை பஞ்சோடு பறந்த பிறகு தோண்டுவது இன்னும் நல்லது. கிலோக் கணக்கில் கூலி பேசி லாரியோடு வருகிறவர்கள் மண்ணை மூடுவதற்கு நிற்பதில்லை. நீங்கள் வாங்கி விற்க வந்தவர் என்றால், முதல் சில வருடம் வேர்ச் சரக்கே வேண்டாம் என்று முடிவெடுங்கள்.

காட்டு வள்ளிக்கு இதைவிடப் பழைய ஒழுங்கு உண்டு. கொடி காய்ந்த பிறகே தோண்டுவது, கீழ்க்கிழங்கை எடுத்துக்கொண்டு கொடியோடு ஒட்டிய தலைத்துண்டைத் திரும்பக் குழியில் வைத்து மூடுவது. அடுத்த மழைக்கு அது மறுபடி கிழங்கு விடும். கிளறிய மண் பொலபொலவென்று இருப்பதால் இன்னும் நன்றாக இறங்கும் என்பார்கள். பார்க்கலாம், உதவலாம், ஆனால் நீங்களாகத் தோண்டி எதையும் வாயில் வைக்காதீர்கள். வள்ளியிலேயே சில வகைகளை நறுக்கி, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்துத்தான் தின்ன முடியும். அதைவிட மோசம், செங்காந்தளின் கிழங்கும் அதே மண்ணில்தான் கிடக்கும். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றே பெயர். அதைத் தின்றால் உயிரே போகலாம்.

கல்பாசியைப் பற்றி ஒரு வரி. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் அந்தப் பாசி மரப்பட்டையில் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சுரண்டும்போது பட்டையும் சேர்ந்து வரக்கூடாது, ஒரு மரத்தைச் சுத்தமாக வழிக்கவும் கூடாது, பாசிக்காகக் கிளையை வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்தால் அந்தக் குழுவோடு போகாதீர்கள்.

இறக்கிய பிறகு

பறித்ததை நிழலில் கொட்டுங்கள், அடிபட்ட காயைத் தனியே எடுங்கள். ஒரு அழுகல் இரவோடு இரவாக ஒரு சாக்கைக் கெடுக்கும். எடை போடும்போது பறித்தவரும் தராசைப் பார்க்கிற மாதிரி வையுங்கள், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே எடையை உடனே எழுதுங்கள். பச்சைக் காயாக விற்பதைவிட, கொட்டை நீக்கிக் காயவைத்து வற்றலாக விற்றால் ஊருக்கு வேலையும் கிடைக்கும், அவசரமாக விற்கும் கட்டாயமும் இருக்காது.

கொட்டையைக் காட்டுக்குத் திரும்பக் கொடுக்கலாம் என்று பலருக்கும் யோசனை வரும். நல்ல யோசனை, ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் செய்கிறார்கள். வற்றலுக்காக வேகவைத்த காயின் கொட்டை செத்துப்போனது, எத்தனை கூடை இறைத்தாலும் முளைக்காது. விதைக்கென்று ஒரு பங்கைப் பச்சையாகவே உடைத்து, கொட்டையை வெயிலில் வெடிக்கவிட்டு, விதையைத் துணிப்பையில் எடுத்து வையுங்கள். மழை தொடங்கியதும் அதே காட்டில், வனத்துறையிடம் சொல்லிவிட்டு, உண்ணிச்செடியைப் பிடுங்கிய இடமாகப் பார்த்துத் தூவுங்கள்.

கடைசி வேலை எண்ணுவது. ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு நோட்டும் சிவப்புப் பெயின்டும் போதும். பாதை ஓரமாக இல்லாமல் உள்ளே தள்ளிப் பத்து மரத்துக்கு எண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் காய்ப்பு எப்படி, புல்லுருவி எத்தனை கொத்து, ஒடிந்த கிளை எத்தனை என்று எழுதுங்கள். அப்புறம் சுற்றி முப்பது அடிக்குள் முழங்கால் உயரக் கன்று எத்தனை, ஆள் உயரத்தில் எத்தனை என்று பாருங்கள். பெரிய மரங்களும் முழங்கால் கன்றுகளும் இருந்து நடுவில் ஒன்றுமே இல்லை என்றால், இளவட்டமெல்லாம் திருப்பூருக்குப் போய்விட்ட ஊர் மாதிரி அது. இன்றைக்குக் காய்ப்பு நன்றாக இருப்பதை வைத்து நம்பிவிடக்கூடாது. அந்த நோட்டைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள், அசலை ஊரிலேயே விட்டுவிட்டு நகலை நீங்கள் எடுத்துப் போங்கள்.

அடுத்த கார்த்திகையில் வரும்போது அதே பத்து மரத்துக்கும் போங்கள். கையில் பெயின்ட் டப்பாவும் இருக்கட்டும், நாலைந்து எண்ணையாவது யானை உரசி அழித்திருக்கும்.